எத்தனை பர்சன்ட்?

வீட்டு மொட்டைமாடியில் சோலார் போட்ட நாளிலிருந்து நக்லேவுக்கு வேறு பேச்சே கிடையாது. காபிக் கடையில் உட்கார்ந்தால் பர்சன்ட். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் பர்சன்ட். தெருவில் ஒருவன் தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, அவன் கையைப் பிடித்து ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அதே கையோடு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்து, "எண்பத்தி ஒண்ணு இருக்கு" என்று சொன்ன மனுஷன் அவர். சோலார் பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்று அந்தப் போன் காட்டும். பெய்ரூட்டை ஒட்டிய அந்தெலியாஸ் ஊர்க் கடைத்தெருவில் அவருக்குப் 'பர்சன்ட் நக்லே' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சிரித்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அவருடைய நாலாவது மாடி வீட்டுக்குள் வந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். உள்ளறையில் கட்டிலோரம் ஒரு ஆக்சிஜன் மெஷின் ராப்பகலாக முனகிக்கொண்டிருக்கும். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய் வர்தேயின் மூக்கில் போய் முடியும். வர்தே அவர் மனைவி. நுரையீரல் கெட்டுப்போனவள். மெஷின் ஓடினால் அவளுக்கு மூச்சு, நின்றால் இல்லை. பெய்ரூட்டில் இருந்த டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்: "இனிமே அரை மணி நேரம்கூட அது இல்லாம இருக்கக் கூடாதும்மா."

சோலாருக்கு முந்தைய காலத்தை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. அரசாங்கக் கரண்ட் தனக்குத் தோன்றினால் வரும், தோன்றாவிட்டால் வராது. மற்ற நேரத்துக்கு, ஜெனரேட்டர் வைத்துத் தெருவுக்கே கரண்ட் விற்கிற தன்னூஸிடம் எல்லோரும் சந்தா கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு ஐந்து ஆம்பியர். அந்த ஐந்துக்குள் ஒரு குடும்பம் நடத்த வேண்டும் என்றால் அது தனி வித்தை. இஸ்திரிப் பெட்டியைப் போடுவதற்கு முன் ஃபிரிட்ஜை அணைக்கவேண்டும். அடுப்பைப் போடுவதற்கு முன் ஹீட்டரை அணைக்கவேண்டும். ஒன்றை அணைக்காமல் இன்னொன்றைப் போடக்கூடாது. அந்தத் தெருப் பெண்களுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை, ஒரு கை ஒரு சுவிட்சைப் போட்டால் இன்னொரு கை தானாகவே வேறொன்றை அணைத்துவிடும்.

மறந்துவிட்டால் தொலைந்தது. டப்பென்று வீடே இருண்டுவிடும். திரும்பத் தூக்கிவிடவேண்டிய சுவிட்சோ கீழே தெருவாசலில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. லிஃப்ட் ஓடுவதில்லை. ஆயுசு முழுக்க வாடகைக் காரில் கிளட்சை மிதித்து மிதித்து வீணாய்ப்போன முழங்காலைத் தூக்கிக்கொண்டு நக்லே நாலு மாடி இறங்கி, சுவிட்சைத் தூக்கிவிட்டு, நாலு மாடி ஏறி வரவேண்டும். அதுவரை வர்தே மெஷின் இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் காலடி ஒவ்வொரு மாடியாக மேலே வருவதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். வந்ததும் அவர் முழங்காலைத் தடவிக்கொடுத்து, "என்னைப் புதைக்க நீ இருக்கணும்யா" என்பாள். பிரியமானவர்களிடம் அந்த ஊரில் எல்லோரும் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுகிற வார்த்தைதான் அது. ஆனால் அவள் சொன்னால் நக்லேவுக்குக் கோபம் வரும்.

"சாகிற பேச்சை விடுடி."

"நான் உன் முழங்காலைப் பத்திப் பேசிட்டிருக்கேன். நீதான் சாவைக் கூப்பிடுறே."

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அப்படிச் சுவிட்ச் விழுந்து ட்ரிப் ஆனதெல்லாம் எப்போதும் நக்லேவின் மறதியால்தான். வர்தேயால் ஒரு தடவைகூட ஆனதில்லை. அவர் இறங்கி ஏறக்கூடாது என்பதற்காகவே அவள் வீட்டில் எரிகிற ஒவ்வொன்றையும் காதால் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நக்லே தன் காரை விற்றார். பழைய மெர்சிடிஸ், அவர் பெற்ற இன்னொரு பிள்ளை. மோன்ட்ரியாலிலிருந்து மகள் ரீமா மிச்சத்தை அனுப்பினாள். காரை வாங்கினவன் சாவியைக் கேட்டபோது அவர் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கேட்டால், "சாவி வளையத்தைக் கழட்டிட்டிருந்தேன்" என்று சாதிப்பார்.

சோலார் போட வந்தவன் சர்கிஸ். வாய் ஓயாதவன், வேலையும் ஓயாதவன். பேனல்கள் படிக்கட்டில் திரும்பாது என்பதால் மொட்டைமாடியிலிருந்து கயிறு கட்டித் தெருவிலிருந்தே தூக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் பால்கனியில் நின்று, சுவரில் உரசிவிடாமல் தடுப்புக்குத் துடைப்பக்கட்டையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடி ஜோஸ்லினுக்கு மட்டும் வேறு கவலை.

"யோவ் நக்லே, மாடியில என் துணிக்கொடியை எங்கேய்யா மாத்தினே?"

"தண்ணித்தொட்டிக்குப் பின்னால."

"அங்க வெயிலே வராதே!"

"வெயில் இனிமே எனக்கு. நீ காத்தை எடுத்துக்க."

"கடவுள் உனக்குன்னு தனியா சூரியனைப் பண்ணிக் குடுத்தாரு பாரு!" என்று திட்டிக்கொண்டே அவள்தான் கடைசிப் பேனல் சுவரில் மோதாமல் கையால் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

பேட்டரியை மட்டும் படி வழியாகத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. நாலு பேர் தூக்கினார்கள், மாடிக்கு மாடி இறக்கி வைத்துப் பெருமூச்சு விட்டார்கள். மாதா படம் மாட்டியிருந்த நடைச் சுவரில் படத்தைக் கொஞ்சம் தள்ளி மாட்டிவிட்டு, கீழே பேட்டரியும் மேலே இன்வெர்ட்டரும் வைத்தான் சர்கிஸ். வாசற்கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இன்வெர்ட்டரின் சின்னத் திரைதான். அதில் பச்சை எழுத்தில் பர்சன்ட் ஓடும்.

"மாமா, கேட்டுக்குங்க. இருபதுக்குக் கீழ போனா பேட்டரி தானா அணைஞ்சுக்கும். ஆனா பயப்படாதீங்க. பகல்ல மேகமா இருந்தாலும் மெஷினுக்கு மட்டும்னா பேனலே தாங்கும்."

நக்லே முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்தில், டேங்க் முள் கடைசிக் கோட்டில் நிற்க, வரிசையில் காரைத் தள்ளிக்கொண்டு போனவர். முள் இறங்குகிறது என்றால் அவருக்கு வேறு எதுவும் காதில் ஏறாது. உள்ளறையில் வர்தேக்கும் சுவர் வழியாகக் கேட்டது அந்த முதல் பாதிதான். மற்றது கேட்கும்போது மெஷின் சத்தம் குறுக்கே வந்துவிட்டது.

சர்கிஸ் படிக்கட்டுக்கும் ஒரு பல்பு போட்டுக்கொடுத்தான். நாலாம் மாடித் திருப்பத்தில், பேட்டரியிலிருந்தே இழுத்த பல்பு. அதைக் கேட்டு வாங்கினவள் வர்தே. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா, இவரு விழாம வீடு வந்து சேரட்டும்" என்றாள். சுவிட்சை அவள் கட்டிலோரத்திலேயே வைக்கச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் தன்னூஸின் ஜெனரேட்டர் வழக்கம்போல ஒரு மூச்சு நின்று மறுபடி பிடித்தது. தெருவே இருண்டு மறுபடி எரிந்தது. நக்லே வீட்டில் மெஷின் ஒரு முனகலைக்கூட விடவில்லை. வர்தே மெஷினைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு முந்தானை மாதிரித் தோளில் கிடந்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நக்லேவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியிலேயே கீழே இறங்கிப் போய், தன்னூஸின் கேபிளைப் பெட்டியிலிருந்து பிடுங்கி அவன் கடை வாசலில் எறிந்துவிட்டு வந்தார். "இதை வெச்சு ஆட்டைக் கட்டு!" என்று ஒரு வார்த்தை வேறு. அது தேவையா? தேவையே இல்லை. ஆனால் நக்லேவுக்கு வாய் நீளம்.

அந்தக் கோடை வர்தேக்கு நல்ல கோடை. ஃபிரிட்ஜில் ஐஸ் இருந்தது. ஃபேன் ஓடியது. ஜோஸ்லின் தினமும் போனைச் சார்ஜ் போடும் சாக்கில் மேலே வந்து காபி குடித்துவிட்டு ஊர்வம்பு அளந்துவிட்டுப் போனாள். காலையில் கண் விழித்ததும் வர்தே படுக்கையிலிருந்தே, "எத்தனை பர்சன்ட்?" என்பாள். "அறுபத்தி ஏழு, ராணி!" என்று நடையிலிருந்து பதில் வரும். மத்தியானம் நூறு நிரம்பினால் நக்லே கையைத் தட்டுவார்.

பழக்கம் மட்டும் போகவில்லை. ஒருநாள் நக்லே மின்சார அடுப்பில் காபி போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மெஷின் நின்றிருக்கிறது. வர்தே குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னடி இது?"

"அடுப்பு போட்டிருக்கியே."

"அதுக்கு?"

"ஒண்ணு அணைச்சாத்தானே ஒண்ணு..." என்று சொல்லும்போதே அவளுக்கே புரிந்து சிரித்துவிட்டாள். "கை தானா போயிடுச்சுய்யா."

நக்லே சிரிக்கவில்லை. மெஷினைப் போட்டார். குழாயை அவள் மூக்கில் மாட்டினார். விரலை ஆட்டிக்கொண்டு, "வீடே பத்தி எரிஞ்சாலும் இதை மட்டும் தொடக்கூடாது, இன்னொரு தரம் தொட்டா கையை ஒடிச்சுடுவேன்" என்றார்.

மழைக்காலம் வந்தது. மழை என்றால் கடலிலிருந்து நேராக எழும்பி வந்து மலையில் மோதி நாள் கணக்கில் நின்றுவிடுகிற மழை. முதல் நாள் மேகத்துக்கே பச்சை எண் எண்பதுக்கு ஏறவில்லை. அடுத்த நாள் எழுபதுக்கு. அதற்கடுத்த நாள் காலையில் ஐம்பதுக்குக் கீழே இருந்தது. நக்லேவுக்குச் சோறு இறங்கவில்லை. நடையில் போவதும் திரையைப் பார்ப்பதும் வருவதுமாக இருந்தார். வர்தேயிடம் எண்ணைச் சொல்வதை நிறுத்திவிட்டார், பயப்படுவாளே என்று. ஆனால் அவரால் மனசுக்குள் படிக்க முடியாது. திரை முன்னால் நின்று வாய்விட்டே படிப்பார். "நாற்பத்தி மூணு... ஐயோ மாதாவே." உள்ளறைக்கு அது நன்றாகக் கேட்கும்.

வர்தே ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தாள். விளக்கு வேண்டாம், கண் கூசுது என்றாள். டிவி வேண்டாம், தலைவலி என்றாள். கம்பளிக்குள் சுருண்டுகொண்டு, ஹீட்டர் வேண்டாம், புழுக்கமாக இருக்கு என்றாள். நக்லே எல்லாவற்றையும் நம்பினார்.

நாலாவது நாள் மத்தியானம் எண் நாற்பத்தி ஒன்றில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பகலே இருட்டாக இருந்தது. நக்லே மேல்கோட்டை எடுத்தார்.

"எங்கே?" என்றாள் வர்தே.

"தன்னூஸ்கிட்ட. கேபிள் திரும்ப வேணும்னு கேட்கப் போறேன்."

"போகாதேய்யா. கடை நிறைய ஆளிருப்பாங்க. வாயில போட்டு மெல்லுவான்."

"மெல்லட்டும்."

"நான் கொஞ்ச நேரம் இது இல்லாம இருப்பேன் நக்லே. சின்னப் பிள்ளையா நான்? முன்னே நீ படியிறங்கி ஏறி வர வரைக்கும் இருந்தேனே."

"வாயை மூடு" என்று கத்தினார். கத்திவிட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்து அவள் நெற்றியில் முத்தமிட்டார். "ஒரு மணி நேரத்துல வந்துடுவேன். ராத்திரிக்குள்ள கேபிள் இருக்கும். நீ பாட்டுக்கு மூச்சு விட்டுட்டிரு, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"குடை எடுத்துக்க. படியில பார்த்து."

தன்னூஸின் கடையில் ஆறேழு பேர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இவரைப் பார்த்ததும் தன்னூஸ் எழுந்தே நின்றுவிட்டான்.

"வாங்க பர்சன்ட் அண்ணே! சூரியன் சௌக்கியமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நக்லே குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

"உன் கேபிள் திரும்ப வேணும், தன்னூஸ்."

"எந்தக் கேபிள்? ஆட்டைக் கட்டச் சொன்னீங்களே, அதுவா? ஆடு மேயுதே!"

மறுபடி சிரிப்பு. நக்லேவின் காது மடல் சிவந்துபோனது. வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கடையே இரண்டுபட்டிருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நாற்பத்தி ஒண்ணுதான் இருக்கு. வர்தேக்கு வேணும். உன் காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கறேன்" என்றார்.

சிரிப்பு சட்டென்று நின்றது. தன்னூஸின் முகம் மாறிவிட்டது. "சீ, என்ன பேச்சுண்ணே இது" என்று அவர் கையைப் பிடித்து அடுப்பருகே உட்கார வைத்தான். "வர்தே அக்காவுக்குன்னு ஒரு போன் அடிச்சிருந்தா நானே கம்பியைத் தூக்கிட்டு வந்திருப்பேனே. இந்த மழையில எதுக்கு அவங்களைத் தனியா விட்டுட்டு வந்தீங்க? போங்க, பின்னாடியே வரேன்."

காபியைக் குடிக்காமல் அனுப்பமாட்டோம் என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். குடித்தார். வெளியே வந்தபோது நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. போனை எடுத்துப் பார்த்தார். நாற்பத்தி ஒன்றே இருந்தது, அசையவில்லை. 'இணைப்பு இல்லை' என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்ததை மழையில் அவர் கவனிக்கவில்லை. இறங்கவில்லையே, அது போதும். வர்தேக்குப் பிடிக்குமே என்று சூடாகக் க்னாஃபே இனிப்பு வாங்கி, ஆறிவிடாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். பாகு சொட்டச் சொட்ட ஒரு டப்பா.

படிக்கட்டு குகையாக இருந்தது. மூன்றாம் மாடி தாண்டியதும் மேலே வெளிச்சம் தெரிந்தது. நாலாம் மாடி பல்பு எரிந்துகொண்டிருந்தது. 'பேட்டரி போற போக்குல இதை எதுக்குப் போட்டா இவ' என்று முணுமுணுத்தார். ஆனாலும் அந்த வெளிச்சத்தில்தான் காலை ஊன்றி ஊன்றி ஏறி முடித்தார்.

கதவைத் திறந்தார். முதலில் கண்ணில் பட்டது பச்சை எண். நாற்பத்தி ஆறு.

நக்லேவால் நம்ப முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்பத்தி ஆறுதான்.

"வர்தே!" என்று வாசலிலிருந்தே கத்தினார். "ஏறிடுச்சுடி! நாற்பத்தி ஆறு! இந்த மழையிலேயே ஏறிடுச்சு! நான் சொன்னேனா இல்லையா? நம்ம பேனல் சிங்கம்டி! போதாததுக்குத் தன்னூஸும் வரான். பாவம், நல்லவன், நாமதான் தப்பா நினைச்சோம்..." ஷூவைக் கழற்றிக்கொண்டே பேசினார். டப்பாவை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டே பேசினார். "க்னாஃபே வாங்கிட்டு வந்திருக்கேன். சூடு ஆறலே. எழுந்து உட்காரு, ராணி..."

வீடு அமைதியாக இருந்தது. ஃபிரிட்ஜின் உறுமல் இல்லை. நடையில் இணையப் பெட்டியின் விளக்கு எரியவில்லை. அவை எல்லாம் கூடப் பரவாயில்லை. வேறு ஒரு சத்தம் இல்லை. எண் ஏன் ஏறியது என்று நக்லேவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

உள்ளறையில் வர்தே ஜன்னலோர நாற்காலியில், வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். அவர் காலடி கேட்டதும் மெஷினைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள். குழாயைச் சிக்கல் விழாமல் சுருட்டி மெஷின் மேலேயே வைத்திருந்தாள். தலை மட்டும் தோளில் சாய்ந்திருந்தது. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அவர் வருகிற படிக்கட்டு விளக்கை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

நக்லே ஓடிப்போய்ச் சுவிட்சை அமுக்கினார். மெஷின் தட்டாமல் தயங்காமல் உடனே முனக ஆரம்பித்தது. குழாயை அவள் மூக்கில் மாட்டினார். நழுவியது. மறுபடி மாட்டினார். கன்னத்தைத் தட்டினார், கையைத் தேய்த்தார். "மூச்சு விடுடி... இருக்குடி... கரண்ட் இருக்கு..." என்று கெஞ்சினார். பிறகு அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, நழுவாமல் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தன்னூஸ் கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, நனைந்த தலையோடு, திறந்து கிடந்த வாசலில் வந்து நின்றான். மெஷின் சத்தம் கேட்டு அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

"அண்ணே, ஓடிட்டுத்தானே இருக்கு? எத்தனை பர்சன்ட் இருக்கு?"

நக்லே குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நிறைய இருக்கு, தன்னூஸ்" என்றார் நக்லே. "நிறைய இருக்கு. அவகிட்ட சொல்லேன்... நிறைய இருக்குன்னு நீயாவது அவகிட்ட சொல்லேன்."